தறி வீட்டு கம்ப்யூட்டர், 98 டிகிரி சூடு: எந்த கூலர் வாங்குறது, எப்படி மாட்டுறது

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஐ5 12400எஃப் பிராசஸர், பி660 மதர்போர்டு, பிராசஸர் டப்பாவோட வந்த இன்டெல் கூலர், வேலை கல்யாண வீடியோ எடிட்டிங், வீட்டை ஒட்டியே தறி செட். எடிட் பண்ண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டா பிராசஸர் சூடு 98, 100 டிகிரி செல்சியஸ்னு போயி நிக்குது, ஃபேன் சத்தம் தாங்கல. கடையில கேட்டா 240 எம்எம் லிக்விட் கூலர் (தண்ணி சுத்தி குளிர வைக்கிறது) போடுங்க, நம்ம ஊரு வெயிலுக்கு வேற எதுவும் நிக்காதுன்னு சொல்றாங்க. அது நிஜமாவே வேணுமா, இல்லன்னா எது வாங்கலாம், கடைக்கு தூக்காம நானே மாட்டிக்க முடியுமா, இதான் கேள்வி.

லிக்விட் வேணாம் தம்பி. காசு மிச்சம் பண்றதுக்காக மட்டும் சொல்லல, உங்க ரூமுக்கு அது ஒத்துவராது, ஏன்னு கீழ சொல்றேன். நான் நகரி ஆளு, இந்தப் பக்கம் புத்தூர், ஏகாம்பரகுப்பம், அந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, உங்க ஊருன்னு ஸ்டேட்டு மாறினாலும் தறி மாறல, என் கைக்கு வர்ற கம்ப்யூட்டர் பொட்டிங்க எல்லாமே தறி வீட்டு பொட்டிங்க தான், உள்ள தொறந்தா எல்லாத்துலயும் ஒரே கதை. அதனால யூடியூப்ல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு சொல்ற ரிவ்யூவை அப்படியே நம்ம வீட்டுக்கு எடுத்துக்காதீங்கன்னு தான் முதல்ல சொல்வேன்.

முதல்ல அந்த 98ஐ புரிஞ்சிக்கலாம். கூலர் எதுவா இருந்தாலும், காத்துல ஓடுறதோ தண்ணியில ஓடுறதோ, ரூம் சூட்டுக்கு கீழ அது கொண்டு போகாது. ரூம் சூடு பிளஸ் ஒரு ஏத்தம், அவ்ளோ தான் கணக்கு. ரிவ்யூ பண்றவன் ரூம் 24 டிகிரி, அவன் 70ன்னு காட்டுறான்னா ஏத்தம் 46. அதே பிராசஸர் அதே கூலர் நம்ம ஊர்ல மே மாசம் மத்தியானம், திருத்தணி 42ன்னு டிவியில வர்ற அன்னிக்கு, சீட்டு கூரை போட்ட ரூம்ல 38, 40 இருக்கும், 46ஐ கூட்டுங்க, 85 வந்துடுது. அதாவது ஒண்ணும் கெட்டுப்போகாமலே நமக்கு 15 டிகிரி கூட தான் காட்டும். கத்திரி வெயில்ல 85 பார்த்துட்டு பயந்து ஃபோன் பண்றவங்க நிறைய பேரு, அது பரவால்ல. ஆனா 98, 100ங்கறது வேற. 12400க்கு உச்ச வரம்பே 100 டிகிரி தான், அங்க போனதும் பிராசஸர் தன்னைத் தானே காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சிக்கும். எரிஞ்சி போகாது, ஆனா உங்க எக்ஸ்போர்ட் நேரம் நீளும், ஃபேன் முழு வேகத்துல கத்திக்கிட்டே இருக்கும். உங்களுக்கு நடக்குறது அது தான்.

இப்ப இந்த சிப்பு எவ்ளோ சூடு கக்குது? 12400க்கு இன்டெல் போட்டிருக்குற கணக்கு 65 வாட், கொஞ்ச நேரத்துக்கு டர்போல, அதாவது தானா வேகத்தை ஏத்திக்கும்போது, 117 வாட் வரைக்கும் ஏறலாம். இது சின்ன அடுப்பு. 14900கே மாதிரி 253 வாட் வரைக்கும் போற சிப்பு வச்சிருந்தா லிக்விட் பத்தி பேசலாம், ஞாயம் இருக்கு. 117 வாட்டுக்கு நாலு ஹீட் பைப் (சூட்டை மேல கடத்துற குழாய்) வச்சு கோபுரம் மாதிரி நிக்கிற ஒரு ஒத்த டவர் ஏர் கூலர் தாராளமா போதும். உண்மையைச் சொன்னா டப்பா கூலரே சுத்தமா இருந்து சரியா உக்காந்திருந்தா சத்தத்தோட சமாளிச்சிடும், அதனால 100 தொடுதுன்னா கூலர் சின்னதுங்கறது மட்டும் காரணமா இருக்காது, வேற ஏதோ ஒண்ணு அடைச்சிருக்கு. காசு போடறதுக்கு முன்னாடி அதைப் பாத்துடுங்க.

ரெண்டு சோதனை சொல்றேன், காசில்லாத சோதனை. ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசமா கிடைக்கும், அதைத் தொறந்து வச்சிட்டு எப்பவும் போடுற எக்ஸ்போர்ட்டையே ஒரு கால் மணி நேரம் ஓட்டுங்க, டெம்பரேச்சர் எங்க போயி நிக்குதுன்னு குறிச்சிக்குங்க. அப்புறம் கேபினெட் சைடு மூடியை கழட்டி வச்சிட்டு அதே வேலையை அதே நேரத்துக்கு ஓட்டுங்க. 8, 10 டிகிரி இறங்குச்சுன்னா உங்க பிரச்சனை கூலர் இல்ல, கேபினெட்டு. உங்களது எஃப் மாடல், உள்ளயே கிராபிக்ஸ் கிடையாது, அப்ப கண்டிப்பா தனியா கிராபிக்ஸ் கார்டு போட்டிருப்பீங்க, அதுவும் உள்ளயே தான் சூடு விடுது, முன்னாடி முழுசா கண்ணாடி வச்சு கலர் லைட்டு எரியுற கேபினெட்டா இருந்தா காத்து உள்ள வர வழியே இல்ல, அந்த சூட்டையே கூலர் திரும்பத் திரும்ப சுத்த விட்டுக்கிட்டு இருக்கும். அதுக்குள்ள எட்டாயிரம் ரூபா கூலர் போட்டாலும் உருப்படியா எதுவும் மாறாது. மூடி கழட்டியும் அப்படியே 98ல நின்னா கூலர்ல தான் கோளாறு, ஒண்ணு அடைப்பு, இல்ல பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல பூசுற பேஸ்ட் காஞ்சது, இல்ல நாலு பின்னுல ஒண்ணு கழண்டு தொங்குது. இந்த டப்பா கூலரோட வெள்ளையும் கருப்புமா இருக்குற பிளாஸ்டிக் பின்னு இருக்கே, அது ஒண்ணு விட்டுப்போனாலே கூலர் ஒரு பக்கமா தூக்கிக்கும், பஸ்ல கொண்டு வந்த பொட்டியில இது அடிக்கடி நடக்குது.

அடைப்பு பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா நம்ம ஏரியாவுல இது தான் பாதி நோய். சாதாரண வீட்டு தூசி வேற, தறி தூசி வேற. தறியில பறக்குறது நூலு பஞ்சு, நீளமான இழை, அதோட பாவு நூலுக்கு போட்ட கஞ்சி காஞ்சி தூளா உதிர்ந்து அதுவும் சேர்ந்து பறக்கும். இழை கூலரோட ஃபின்னுங்களுக்கு (மெல்லிசான உலோகத் தகடுங்க) நடுவுல குறுக்கால மாட்டிக்கும், கஞ்சித் தூள் அது மேல படியும், மழைக்காலத்து ஈரம் பட்டா எல்லாம் சேர்ந்து ஒரே படலமா ஒட்டிக்கும். மேல ஃபேன் சுத்துறது தெரியும், காத்து மட்டும் கீழ போகாது. பார்க்குறதுக்கு ஃபேன் நல்லா இருக்கேன்னு தோணும், ஃபேனை கழட்டிப் பார்த்தா தான் அடியில இருக்குறது தெரியும். இன்னொண்ணு, வெயில் காலத்துல ரூமுக்கு தண்ணி ஊத்துற ஏர் கூலர் வைக்கிறோம் இல்ல, அதை கேபினெட் பக்கம் திருப்பி வைக்கிற பழக்கம் நிறைய வீட்டுல இருக்கு, ஜில்லுன்னு காத்து போகுதேன்னு. வேணாம். அந்த ஈரக்காத்து தான் பஞ்சை பசையாக்குறது, போர்டுக்கும் நல்லதில்ல.

லிக்விட் ஏன் வேணாம்னு சொன்னேன்னா இது தான். அதுல ரேடியேட்டர்னு ஒண்ணு இருக்கு, அதோட ஃபின் ரொம்ப நெருக்கமா இருக்கும், மேல ஃபேனை வச்சி திருகி இருப்பாங்க, பஞ்சு ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல போயி உக்காந்தா எட்டு ஸ்குரு கழட்டாம எடுக்க முடியாது. பம்பு ஒண்ணு தனியா ஓடுது, அது நின்னா அப்படியே மொத்தமும் குப்பை, இந்த மூடின டைப்புல பெரும்பாலும் தண்ணி ரொப்பவும் முடியாது. வாரண்டின்னா பார்சல் போட்டு அனுப்பி திரும்ப வர்ற வரைக்கும் கல்யாண சீசன்ல நீங்க என்ன பண்ணுவீங்க? ஏர் கூலர்ல ஓடுற பொருள் ஃபேன் ஒண்ணு தான், 120 எம்எம் ஃபேன் எங்க வேணா கிடைக்கும், பழசுக்கு பதிலா கிளிப்புல மாட்டிட்டு போயிக்கிட்டே இருக்கலாம். ஹீட் பைப்புக்குள்ளயும் ஒரு சொட்டு தண்ணி தான் இருக்கு, அது அடியில ஆவியாகி மேல போயி குளிர்ந்து உள்ள இருக்குற திரி வழியா தானா கீழ இறங்குது, பம்பும் கிடையாது, கரண்டும் கிடையாது, ரிப்பேரும் கிடையாது.

சரி, எது வாங்குறது. பேரு கேட்பீங்க, சொல்றேன், டீப்கூல் ஏகே400, கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 வரிசை, தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120, ஆன்ட் ஈஸ்போர்ட்ஸ்ல நாலு பைப் மாடல், இதுல எது 1,500லிருந்து 3,000 ரூபாய்க்குள்ள கைக்கு கிடைக்குதோ அது. இதுங்களுக்குள்ள ரெண்டு மூணு டிகிரி வித்தியாசத்துக்கு மண்டையை உடைச்சிக்காதீங்க. நாக்டுவா அருமையான பொருள், ஆஸ்திரியா கம்பெனி, ஆனா இந்த சிப்புக்கு அந்த விலை தேவையில்ல. பேரை விட கீழ சொல்றதை பாருங்க, தப்பா வாங்கிட்டு வந்தவங்க எல்லாம் இதுல தான் மாட்டுனாங்க.

சாக்கெட்டு, அதாவது போர்டுல பிராசஸர் உக்கார்ற இடம். உங்களது எல்ஜிஏ1700. இதுல கூலர் மாட்டுற ஓட்டைங்களுக்கு நடுவுல 78 எம்எம். இதுக்கு முந்தின 1200, 1151, 1150, 1155 எல்லாத்துலயும் 75 எம்எம். மூணு எம்எம் தானேன்னு இழுத்துப் பிடிச்சி மாட்டக் கூடாது, உயரமும் மாறி இருக்கு, அதனால உக்காந்த மாதிரி தெரியும், அழுத்தம் சரியா விழாது. கடையில பழைய ஸ்டாக்கை எடுத்துக் கொடுத்துட்டு "ஏம் காது அன்னா, அன்னிட்டிகீ செட்டவுதுந்தி" (ஒண்ணும் ஆகாதுண்ணே, எல்லாத்துக்கும் பொருந்தும்)ன்னு தெலுங்குல சொல்வாங்க, நீங்க டப்பா மேல 1700ன்னு அச்சடிச்சிருக்கான்னு பார்த்துட்டு காசு கொடுங்க. புது 1851 சாக்கெட்டுக்கும் 1700 கிட்டு பெரும்பாலும் பொருந்தும், பிற்காலத்துல போர்டு மாத்துனாலும் கூலர் கூட வரும். ஏஎம்டி வச்சிருக்குறவங்களுக்கு ஏஎம்4, ஏஎம்5 ரெண்டுக்கும் ஓட்டை ஒண்ணு தான், ஆனா போர்டோட வந்த பிளாஸ்டிக் பிராக்கெட்டையும் பின்தகடையும் தூக்கிப் போட்டிருந்தா தேடி எடுங்க, நிறைய கூலர் அதை நம்பித் தான் வருது.

உயரம். இதை யாரும் அளக்க மாட்டாங்க. ஏகே400 155 எம்எம், ஹைப்பர் 212 பிளாக் கிட்டத்தட்ட 159, பெரிய ரெட்டை டவர் நாக்டுவா டி15 165. கம்மி விலை கேபினெட்டுல சிலதுல 155க்கு மேல இடம் இருக்காது, வாங்கிட்டு வந்து எல்லாம் மாட்டின பிறகு கண்ணாடி மூடலன்னா அழுகை தான் வரும். கேபினெட் மாடல் பேரை நெட்ல போட்டா சிபியு கூலர் உயரம்னு ஒரு அளவு இருக்கும். மாடல் தெரியலயா, மூடியை கழட்டி போர்டுல பிராசஸர் மேல்மட்டத்துல இருந்து கேபினெட் விளிம்பு வரைக்கும் ஸ்கேல் வச்சி அளந்து அதுல ஒரு அஞ்சு எம்எம் கழிச்சிக்குங்க. ரேம் மேல உயரமா லைட்டு வச்ச தகடு இருந்தா முதல் ஸ்லாட்டுல ஃபேன் இடிக்குமான்னும் பாருங்க, இடிச்சா ஃபேனை கிளிப்புல கொஞ்சம் மேல தூக்கி மாட்டலாம், ஆனா அப்ப மொத்த உயரம் ஏறிடும்.

டப்பா மேல 180 வாட் தாங்கும், 220 வாட் தாங்கும்னு போட்டிருக்குறதை ரொம்ப நம்பாதீங்க, அதுக்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் ஒண்ணும் இல்ல, ஆளாளுக்கு ஒரு கணக்கு. ஒரே கம்பெனியோட ரெண்டு மாடலை ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்ளோ தான்.

ஃபேன் விஷயம். வயர் முனையில நாலு பின் இருக்குற பிடபிள்யூஎம் ஃபேனா பாருங்க, மூணு பின் வேணாம். மூணு பின்னுல வோல்டேஜை குறைச்சி தான் வேகத்தை குறைக்கணும், ரொம்ப குறைச்சா சுத்த ஆரம்பிக்காமலே நின்னுடும். நாலு பின்னுல 12 வோல்ட் எப்பவும் போயிக்கிட்டு இருக்கும், நாலாவது கம்பி வழியா தனியா சிக்னல் போயி வேகத்தை சொல்லும், கீழ் வேகத்துலயும் ஸ்டெடியா ஓடும். பேரிங்குல சாதா ஸ்லீவ் வச்சதை விட ஃப்ளூயிட் டைனமிக்னு போட்டது சூட்டுலயும் தூசியிலயும் ரொம்ப நாள் உழைக்கும், ஸ்லீவ் சீக்கிரம் எண்ணெய் காஞ்சி கரகரன்னு கத்த ஆரம்பிச்சிடும். காத்து எவ்ளோ தள்ளுதுன்னு சிஎஃப்எம் கணக்கு மட்டும் பார்க்காதீங்க, ஃபின்னுக்குள்ள நுழைஞ்சி போகணும்னா ஸ்டேட்டிக் பிரஷர் வேணும், அது எம்எம் வாட்டர்னு போட்டிருக்கும், 1.5க்கு மேல இருந்தா நிம்மதி. அப்புறம் நம்ம ஊருக்குன்னே ஒண்ணு: ரெண்டு கூலர் ஒரே விலையில இருந்தா ஃபின்னுக்கு நடுவுல இடைவெளி அதிகமா இருக்குறதை எடுங்க. டெஸ்ட்டுல நெருக்கமான ஃபின் ஜெயிக்கும், உங்க தறி ரூம்ல ஆறு மாசம் கழிச்சி அகலமான ஃபின் தான் ஜெயிக்கும், பிரஷ்ஷு உள்ள போகும் இல்ல.

வாங்குறது எங்கன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டு போறதுன்னா ட்ரெயினு இருக்கு, திருப்பதியிலயும் கிடைக்கும், ஆன்லைன்லயும் வரும், எங்க வாங்குனாலும் கூடவே ஒரு நல்ல பேஸ்ட்டு, ஆர்க்டிக் எம்எக்ஸ்4 போல ஒண்ணு, கம்பெனி ஸ்டோர்ல இருந்து எடுத்துக்குங்க, அதுல டூப்ளிகேட் நிறைய சுத்துது. லிக்விட் மெட்டல்னு யாராவது சொன்னா கிட்டயே போகாதீங்க, அதுல கேலியம் இருக்கு, அலுமினியத்தை தின்னுடும், போர்டுல சொட்டுனா ஷார்ட்டு.

இனி மாட்டுறது. நீங்களே மாட்டலாம், ஒரு ஸ்டார் ஸ்குருடிரைவரும் ரெண்டு மணி நேரமும் போதும், அவசரப்படாத நாளா பாருங்க, தறி ஓடாத நாளா இருந்தா இன்னும் நல்லது, இல்லன்னா பேஸ்ட்டு மேலயே பஞ்சு வந்து உக்காரும்.

கழட்டறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரை ஒரு பத்து நிமிஷம் ஓட்டி சூடாக்கிட்டு ஆஃப் பண்ணுங்க, பழைய பேஸ்ட் இளகி வரும். பவர் கேபிளை பிடுங்கிட்டு பவர் பட்டனை கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க, மிச்ச கரண்டு போயிடும். கேபினெட் இரும்பை ஒரு தடவை தொட்டுக்குங்க. ஃபேன் வயரை போர்டுலருந்து கழட்டுங்க, அப்புறம் நாலு பின் தலையையும் அதுல போட்டிருக்குற அம்புக்குறி காட்டுற பக்கம் திருப்பி மேல இழுத்தா விட்டுடும். கூலரை நேரா மேல பிடுங்காதீங்க, லேசா இடது வலதா திருகி ஒட்டு விட்ட பிறகு தூக்குங்க. உங்க 1700ல பிராசஸரை கம்பிக் கூண்டு பிடிச்சிருக்கும், பயமில்ல. ஏஎம்4 வச்சிருக்குறவங்க தான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், அதுல பிராசஸர் அடியில ஊசி ஊசியா காலு, காஞ்ச பேஸ்ட்டோட கூலரை பிடுங்குனா லாக் போட்டபடியே பிராசஸரும் கூட வந்துடும், காலு வளைஞ்சா முடிஞ்சிது.

பழைய பேஸ்ட்டை துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால் வேணும், மெடிக்கல்ல கேட்டா சர்ஜிக்கல் ஸ்பிரிட் தருவாங்க, சிலதுல விளக்கெண்ணெய் கலந்திருக்கும், படலம் விடும். மொபைல் சர்வீஸ் கடையில ஐபிஏன்னு கேளுங்க, அவங்க போர்டு கழுவவே அதை வச்சிருப்பாங்க, ஒரு சின்ன பாட்டில்ல ஊத்திக் கொடுப்பாங்க. பஞ்சு வச்சி துடைக்காதீங்க, இழை ஒட்டும், காபி ஃபில்டர் பேப்பரோ கண்ணாடி துடைக்கிற துணியோ போதும். வெள்ளி நிறம் பளிச்சுன்னு தெரியணும்.

டவர் கூலருக்கு போர்டு பின்னாடி ஒரு தகடு வைக்கணும். பெரும்பாலான கேபினெட்ல மறுபக்க மூடியை கழட்டினா போர்டுக்கு பின்னாடி ஒரு பெரிய ஜன்னல் வெட்டி விட்டிருப்பாங்க, அது வழியா வைக்கலாம், போர்டை வெளிய எடுக்க வேணாம். ஜன்னல் சின்னதா இருந்தா போர்டை எடுத்துத் தான் ஆகணும், எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வயரும் எங்க இருந்துச்சுன்னு ஃபோன்ல நாலு போட்டோ எடுத்து வச்சிக்குங்க, முன் பட்டன் வயருங்க தான் அப்புறம் மண்டையை குழப்பும். பின்தகட்டுல ஸ்குரு நிக்கிற இடம் ரெண்டு மூணு நிலையில நகரும், 1700ன்னு குறிச்ச இடத்துல வைங்க. அப்புறம் முன்பக்கம் போஸ்ட்டு, அது மேல பட்டை, ரெண்டு பட்டையும் ஃபேன் காத்து முன்னாலருந்து பின்னால போற மாதிரி எந்த திசையில வைக்கணும்னு பேப்பர்ல படம் போட்டிருக்கும், அதை மாத்தி வச்சா கூலர் மேல் பார்த்து நிக்கும், எல்லாத்தையும் திரும்ப கழட்டணும்.

பேஸ்ட்டு எவ்ளோ வைக்கிறதுன்னு பெரிய சண்டையே நடக்கும். அதோட வேலை ரெண்டு உலோகத்துக்கு நடுவுல இருக்குற கண்ணுக்கு தெரியாத பள்ளத்தை ரொப்புறது, அங்க காத்து நின்னா சூடு தாண்டாது, அவ்ளோ தான். செம்பும் அலுமினியமும் பேஸ்ட்டை விட பல மடங்கு நல்லா சூட்டை கடத்தும், அதனால திக்கா பூசுனா குளுமை கூடாது, குறையும். 1700 பிராசஸர் நீளவாக்கு, நடுவுல ஒரு பொட்டு வச்சா ஓரத்துக்கு போகாம நின்னுடலாம், மெல்லிசா ஒரு எக்ஸ் போடுங்க, போதும். கொஞ்சம் கூடி ஓரத்துல வழிஞ்சா பயப்படாதீங்க, சாதா பேஸ்ட்டு கரண்டை கடத்தாது. கம்மியா வச்சா தான் பிரச்சனை.

கூலர் அடியில ஒரு பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டி இருக்கும், வைக்கிறதுக்கு முன்னாடி அதை உரிங்க. சிரிக்காதீங்க, புதுசா மாட்டி 95 அடிக்குதுன்னு வந்த பொட்டியில நான் முதல்ல பார்க்குறதே இதை தான்.

ஃபேனை கழட்டி வச்சிட்டு டவரை மட்டும் நேரா மேலருந்து இறக்குங்க, வச்ச பிறகு தூக்கி தூக்கி வைக்காதீங்க, காத்துக் குமிழி சேரும். ஸ்குருவை ஒரு பக்கம் முழுசா முறுக்கிட்டு மறுபக்கம் வராதீங்க. ரெண்டுலயும் முதல்ல நூல் பிடிக்க விட்டுட்டு இந்தப் பக்கம் மூணு சுத்து அந்தப் பக்கம் மூணு சுத்துன்னு மாத்தி மாத்தி, நாலு ஸ்குருவா இருந்தா குறுக்கால மாத்தி மாத்தி முறுக்குங்க. உங்களுக்கு சொல்லவே வேணாம், பாவு ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளர்ந்தா துணி எப்படி கோணுதோ அதே தான். ஸ்பிரிங் ஸ்குருன்னா அது தானா ஒரு இடத்துல நிக்கும், நின்னதும் விட்டுடுங்க, அதுக்கு மேல பலத்தை காட்டாதீங்க, போர்டு வளையும்.

அப்புறம் ஃபேன். காத்து எந்தப் பக்கம் வருதுன்னு ஃபேன் சட்டத்துல சில சமயம் அம்பு இருக்கும், இல்லன்னா ஸ்டிக்கரை தாங்குற நாலு குச்சி இருக்குற பக்கம் தான் காத்து வெளிய வரும். ஃபேன் ரேம் பக்கம் நின்னு டவருக்குள்ள ஊதணும், டவரை தாண்டி வர்ற சூடு கேபினெட் பின் ஃபேன் வழியா வெளிய போகணும். ரெண்டும் எதிரெதிரா ஊதுற மாதிரி மாட்டின பொட்டிங்களையும் பார்த்திருக்கேன், ரெண்டு ஃபேனும் நல்லா ஓடுது, சூடு மட்டும் நடுவுல நிக்குது. வயரை போர்டுல சிபியு ஃபேன்னு எழுதின இடத்துல குத்துங்க, பக்கத்துலயே சிஸ் ஃபேன், சேசிஸ் ஃபேன்னு இருக்கும், அதுல குத்துனா ஆன் பண்ணும்போதே சிபியு ஃபேன் எரர்னு திட்டிட்டு நின்னுடும்.

மூடி போடாம ஆன் பண்ணி நேரா பயோஸ்ஸுக்கு (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங் பக்கம்) போங்க, டெலிட்டோ எஃப்2வோ அழுத்தி. ஃபேன் ஆர்பிஎம் காட்டணும், டெம்பரேச்சர் ரூம் சூட்டை விட ஒரு 10, 15 டிகிரி மேல நிக்கணும். அங்கயே 70, 80ன்னு ஏறிக்கிட்டு போனா உடனே ஆஃப் பண்ணுங்க, ஸ்டிக்கர் உரிக்கல இல்ல ஒரு ஸ்குரு பிடிக்கல. கழட்டிப் பார்த்தா பேஸ்ட்டு பரவுன தடம் சொல்லிடும், ஒரு பக்கம் மட்டும் பரவி இருந்தா கோணலா உக்காந்திருக்கு. திரும்ப வைக்கும்போது பழைய பேஸ்ட்டை துடைச்சிட்டு புதுசா வைங்க.

பயோஸ்ல ரெண்டு வேலை இருக்கு. ஃபேன் கர்வ், அதாவது எவ்ளோ சூட்டுக்கு ஃபேன் எவ்ளோ வேகம்ங்கற கணக்கு: 55 டிகிரி வரைக்கும் 35 சதவீதம், 70ல 60, 85ல 100ன்னு ஆரம்பிச்சிக்குங்க. நெட்ல போட்டிருக்குற கர்வ் எல்லாம் 40 டிகிரியிலயே ஏற ஆரம்பிக்கும், மார்கழியில அது சரி, சித்திரையில நம்ம பிராசஸர் சும்மா இருக்கும்போதே 50 காட்டும், ஃபேன் காலையிலருந்து கத்திக்கிட்டே இருக்கும். ஸ்டெப் அப் டைம்னு ஒண்ணு இருந்தா அதை கொஞ்சம் கூட்டி வைங்க, ஒரு ஃபோல்டர் தொறந்ததுக்கெல்லாம் விர்ருன்னு எழும்பாது. இன்னொண்ணு பவர் லிமிட்: நிறைய போர்டு இன்டெல் சொன்ன வரம்பை தளர்த்தி விட்டு தான் வருது. லாங் டியூரேஷன் லிமிட்டை (தொடர்ந்து ஓடும்போது உள்ள வரம்பு) 65 வாட்டுன்னு நீங்களே வச்சிட்டா கத்திரி வெயில்லயும் சூடு நல்லா இறங்கும், எக்ஸ்போர்ட் கொஞ்சம் தாமதமாகும், அந்த ஒரு மாசத்துக்கு அது பரவால்லன்னு தான் நான் சொல்வேன்.

பஞ்சுக்கு: கேபினெட்டை தரையிலருந்து டேபிள் மேல ஏத்துங்க, தறி செட்டோட ஒட்டின சுவர் பக்கம் வேணாம். காத்து உள்ள வர்ற முன்பக்கத்துக்கு கொசுவலை ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்க, நூல் பஞ்சு நீளமான இழைங்கறதால வலையிலயே பாதிக்கு மேல நின்னுடும், வாரத்துக்கு ஒரு தடவை கையாலயே வழிச்சி எடுத்துடலாம். வேட்டித் துணி கட்டாதீங்க, காத்தும் போகாது. முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ள இழுக்க, பின்னாடி ஒண்ணு வெளிய தள்ளன்னு வச்சா உள்ள அழுத்தம் கொஞ்சம் கூடி சந்து பொந்துல இருந்து பஞ்சு நுழையறது குறையும். மாசத்துக்கு ஒரு தடவை ஃபேன் கிளிப்பை கழட்டி பெயின்ட் பிரஷ்ஷால ஃபின்னுங்களை மேலருந்து கீழ தட்டி விடுங்க. செட்டுல கம்ப்ரசர் இருக்கே அதுல ஒரு அடி அடிச்சா போச்சுன்னு நினைக்காதீங்க, அதுல தண்ணியும் எண்ணெயும் சேர்ந்து வரும், பிரஷரும் ஜாஸ்தி. சின்ன கை ப்ளோயர் போதும், அதுலயும் ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சிட்டு அடிங்க, தாறுமாறா சுத்த விட்டா பேரிங் போயிடும்.

கழட்டின இன்டெல் கூலரை தூக்கிப் போடாதீங்க. சுத்தமா கழுவி, நாலு பின்னும் உடையாம இருக்கான்னு பார்த்து, மிச்ச பேஸ்ட்டோட ஒரே டப்பாவுல போட்டு வைங்க. சீசன் நடுவுல டவரோட ஃபேன் நின்னுபோச்சுன்னா புது ஃபேன் வர்ற வரைக்கும் 65 வாட் லிமிட்டை போட்டுட்டு அதை வச்சே வேலையை முடிச்சிக் கொடுக்கலாம்.